தாயாரின் வீட்டுக்காரர்

ஆவணி 2

இன்றிலிருந்து வருடக் கணக்கை மாற்றிவிட்டார்கள். இது ஊற்றாண்டு ஒன்றாம். மாதங்களைத் தொடவில்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

பம்பு நிலையத்தில் இருந்தபோது அழுத்தம் எவ்வளவு, எந்த வால்வு கசிந்தது என்று தினமும் எழுதிப் பழகிய கை. வேலை போன பிறகும் கை நிற்கவில்லை, எழுதுகிறேன்.

கொடி கட்டிய வண்டியில் தலைநகருக்குக் கூட்டிவந்தார்கள். எங்கள் செம்மணல் உலகத்தின் பழைய நீர்க்கோபுரத்தைச் சுற்றியிருந்த ஊர்தான் இப்போது தலைநகர். முன்பு எங்களை ஆண்ட கூட்டாட்சியின் ஆளுநர் தன் விருந்தாளிகளைத் தங்கவைத்த வீட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இறங்கினதும் ஒரு பெண் காலில் விழுந்தாள். முழங்கால் வலியில் என்னால் குனிந்து தூக்க முடியவில்லை, கையை மட்டும் நீட்டினேன். சுற்றி நின்றவர்கள் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு வரிசையில் வந்துவிட்டார்கள்.

என் மனைவி பொற்கொடி போய்ச்சேர்ந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அவளை எல்லோரும் தாயார் என்கிறார்கள். அதனால் என்னைத் தந்தையார் என்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

ஆவணி 3

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. இத்தனை சண்டையும் தண்ணீருக்காக நடந்த ஊரில், அதுவும் ஆளுநரின் விருந்தினர் மாளிகையில். வாஷர் தேய்ந்திருக்கிறது. கடைத்தெருவில் கேட்டேன், கிடைக்கவில்லை.

சமைத்துப்போட ஒரு அம்மாளை அனுப்பியிருக்கிறார்கள். சூடாமணி என்று பெயர். நாற்பது வயதிருக்கும். “தந்தையாருக்கு காரம் ஆகுமா?” என்று கேட்டார்.

“என் பேரு மாசிலாமணி. அப்படிக் கூப்பிட்டா போதும்.”

“பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? அண்ணாச்சின்னு சொல்லுதேன்.”

அது பரவாயில்லை.

ஆவணி 5

பொற்கொடி படத்தைச் சதுக்கத்துச் சுவரில் வரைகிறார்கள். ஓவியர் வந்து அடையாளம் கேட்டார். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று. இடது கண் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும், கோபம் வந்தால் இன்னும் திரும்பும் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

“உங்களுக்கு எப்போது தெரிந்தது, அவர் சாதாரணப் பெண்மணி இல்லை என்று?” என்று கேட்டார்.

என்ன சொல்ல? அவள் தண்ணீர் வழங்கும் கவுன்டரில் வேலை பார்த்தாள். அட்டையை வாங்கி, அளவைப் பார்த்து, குழாயைத் திறந்து, அளவு முடிந்ததும் மூடவேண்டும். ஒரு நாள் அட்டையில் அளவு தீர்ந்துபோன குடும்பம் ஒன்று வந்தது. குழாயைத் திறந்தாள், மூடவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்து வந்தவர்களும் பிடித்தார்கள், அதற்கடுத்து வந்தவர்களும். காவலர்கள் வந்து தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஜாமீனில் கூட்டிவரும்போது சொன்னாள், குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் ‘அடைக்காதே’ என்று சொன்னதாக.

“குழாயில் காற்று அடைத்தால் அப்படித்தான் சத்தம் வரும்” என்றேன்.

“காத்து பேசக்கூடாதா?” என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். ஊற்று என்பது கடவுள், அதை அடைப்பவன் கடவுளை அடைக்கிறான் என்று தெருத்தெருவாகப் பேசினாள். கவுன்டர்களில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குழாயை மூடாமல் எழுந்து போனார்கள். விண்வெளிக் கணவாய் தாண்டி நெடுங்கரை உலகத்துக்கும் பரவியது. அங்கே வேறு சூரியன், வேறு மண், ஆனால் அட்டை ஒன்றுதான். கூட்டாட்சி சுட்டது. கிளர்ச்சிக்காரர்களும் சுட்டார்கள். கடைசியில் கூட்டாட்சிக் கப்பல்கள் கிளம்பிப் போவதற்கு முந்தின நாள் நீர்க்கோபுர வாசலில் கூட்டாட்சிக்காரர்கள் அவளைச் சுட்டுக் கொன்றார்கள்.

நான் அன்றைக்கு எங்கள் ஊரில் பம்பின் பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த பிறகும் மாற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் ஊருக்குத் தண்ணீர் வராது.

ஆவணி 7

முழங்காலுக்கு நடை நல்லது என்று சதுக்கம் வரை நடந்தேன். படத்தைக் கீழேயிருந்து தாடை வரை வரைந்திருக்கிறார்கள்.

ஆவணி 8

நடந்தேன். வாய் வந்திருக்கிறது. சரியில்லை.

ஆவணி 9

தமயந்தி வந்தாள். இப்போது மூவுலக மன்றத்தின் தலைவி. கூட வந்த காவலர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள், பொற்கொடியோடு முதலில் சேர்ந்த ஆள் அவள்தான். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே வாதம் செய்வாள். பொற்கொடியை ‘அக்கா’ என்பாள், என்னை ‘அத்தான்’ என்பாள். இன்று “தந்தையார் சௌகரியமா இருக்கீங்களா?” என்று கேட்டாள். ரொம்ப மெலிந்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வந்தாள். ஆவணி இருபதாம் தேதி மன்றம் கூடி அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றப் போகிறது. செம்மணல், நெடுங்கரை, வெண்டுறை மூன்றும் அன்றிலிருந்து ஒரே நாடு. அதில் வெண்டுறைதான் சிக்கல். கணவாய்க்கு அந்தப் பக்கம், வேறொரு சூரியனைச் சுற்றும் சுரங்க உலகம் அது. அங்கே ஊற்று கிடையாது. குடிக்கிற தண்ணீர் முழுதும் இங்கிருந்து கப்பலில் போகிறது. அங்கிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊற்று நெறியை ஏற்றுச் சத்தியம் செய்யவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது ‘ஒப்பாதவர்’ என்று பெயர்.

“சட்டத்தில ஒரு வரி வைக்கிறோம். ஒப்பாதவருக்கு ஊற்றில் பங்கில்லை. சத்தியம் பண்ணட்டும், தண்ணி தாரோம். பண்ணாதவங்க கூட்டாட்சியைத் தேடிப் போகட்டும்.”

“அடைக்காதேன்னு சொல்லித்தானே எல்லாம் ஆரம்பிச்சுது?”

அவள் கோபப்படவில்லை. “நானும் அதைத்தான் நினைச்சு தூக்கமில்லாம கிடந்தேன். ஆனா தாயாரே சொல்லியிருக்காங்க. என் காதால கேட்டேன். ஆனி மாசம் உங்க வீட்டுக்கு வந்தோமே, நான் வாசல்ல நின்னேன். உள்ளேருந்து சத்தமா சொன்னாங்க, ‘ஒப்புக்காதவனுக்கு இந்த வீட்ல தண்ணி கிடையாது’ன்னு. தாயாருக்கு வீடுன்னா நாடுதானே? அப்ப உள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான். மன்றத்தில எழுந்து, ஆமா சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆவணி 10

வாஷர் கிடைத்தது. மாற்றினேன். வேறொன்றுமில்லை.

ஆவணி 12

சூடாமணி மீன் குழம்பு வைத்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். தன் மூத்தவனுக்கு இது பிடிக்கும் என்றார். மகன் எங்கே என்று கேட்டிருக்கக் கூடாது.

வறள்மாதத்தில் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்களாம். போன வருடம் கிளர்ச்சியை அடக்கக் கூட்டாட்சி எரிபொருளை நிறுத்திய மாதம் அது. செம்மணல் பம்புகளுக்கு எரிபொருள் வெண்டுறையிலிருந்துதான் வரவேண்டும். வெண்டுறைக்காரர்கள் உத்தரவுக்குப் பணிந்து கப்பலில் ஏற்றவில்லை. ஆழ்கிணறுகளில் தண்ணீர் இருந்தது, மேலே கொண்டுவர வழியில்லை. எங்கள் ஊரில் கையால் சுற்றி எடுத்தோம், கொஞ்சம் வந்தது. இவருடைய ஊரில் கிணறு இன்னும் ஆழம்.

“சின்னவ கடைசி வரைக்கும் விவரமா பேசினா, அண்ணாச்சி. ‘கீழ தண்ணி இருக்குல்லாம்மா?’ன்னு கேப்பா. இருக்குட்டின்னு சொல்லுவேன்.” பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார். “தலைவி அம்மா அந்தச் சட்டம் கொண்டாராங்களாமே. வெண்டுறைக்காரனும் ஒரு நா தவிச்சுப் பாக்கட்டும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

துலக்கிய பாத்திரங்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆவணி 14

வெண்டுறையிலிருந்து ஒரு குழு மன்றத்தில் முறையிட வந்திருக்கிறது. அதன் தலைவி கஸ்தூரி என்பவர் என்னைத் தேடி வந்தார். அங்கே தண்ணீர் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. ஒப்பாதவர். சட்டை மடிப்புக் கலையாமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். சூடாமணி அவரைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“உங்களுக்கு நான் யார்னு தெரியும். எதுக்கு வந்திருக்கேன்னும் தெரியும் சார்” என்றார் கஸ்தூரி.

“வறள்மாதத்தில நீங்க ஏன் எரிபொருள் ஏத்தலை?”

எங்களுக்கும் தலைக்கு மேல் துப்பாக்கி இருந்தது என்று ஆரம்பித்தார். பிறகு அதை அவரே நிறுத்திக்கொண்டார்.

“பயந்துட்டோம் சார். வேற காரணம் இல்லை. ஒரு கப்பலையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பலை.”

“சத்தியம் பண்ணிட்டா தண்ணி கிடைக்குமே. பண்ணிட்டுப் போகலாமே?”

“நிறையப் பேரு பண்ணிடுவாங்க. வாய்தானே. நானும் பண்ணுவேனோ என்னமோ, பிள்ளைங்க இருக்கு. ஆனா நம்பாத சாமி மேல தண்ணிக்காகச் சத்தியம் பண்ணின ஊரு பிறகு எந்தச் சத்தியத்தைக் காப்பாத்தும்? உங்க வீட்டம்மாவே அப்படி ஒரு சத்தியத்தை விரும்பியிருப்பாங்களான்னு கேக்கத்தான் வந்தேன். அவங்களை நான் பார்த்ததில்லை. நீங்கதான் சொல்லணும்.”

எழுந்தபோது அவருக்கு நாக்கு வறண்டிருந்தது தெரிந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன். மூடிய சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

அவர் போன பிறகு சூடாமணி வெளியே வந்து அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். நான் அதை எடுத்து மற்றவற்றோடு வைத்தேன். அவர் மறுபடி தனியாக வைத்தார். நான் விட்டுவிட்டேன்.

ஆவணி 16

படம் முடிந்துவிட்டது. இரண்டு கண்ணும் நேராகப் பார்க்கின்றன. கீழே நின்று பெண்கள் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ ஒரு அழகான பெண்மணி.

ஆவணி 17

தமயந்தி ஆளனுப்பிக் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எழுதிப் பார்த்தால் தெளிவு வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனி மாதம் பொற்கொடி வந்தது ஒரு மத்தியானம். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவள், எங்கள் ஊர் வழியில் வந்ததால் வந்தாள். வண்டியும் ஆட்களும் வாசலில் நின்றார்கள். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன், கையெல்லாம் கிரீஸ்.

உட்கார்ந்தவுடன் ஆரம்பித்தாள். “எல்லாரும் கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்ணலையாமேன்னு. நான் என்ன பதில் சொல்ல?”

“தண்ணி தண்ணிதான். அதுக்கு எதுக்குச் சத்தியம்?”

“எனக்காகப் பண்ணக்கூடாதா?”

“உனக்காகப் பண்ணினா அது பொய்ச்சத்தியம். உன் சாமிக்கே பிடிக்காது.”

பதில் கிடைக்காவிட்டால் அவளுக்குக் கண் திரும்பும். தண்ணீர்ப் பானையின் மூடியைப் பட்டென்று அடித்து மூடினாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: “ஒப்புக்காதவனுக்கு இந்த வீட்ல தண்ணி கிடையாது.”

சரி என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். நானும் பிடிவாதக்காரன்தான். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். எனக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. வேண்டுமென்று இருமவில்லை. இரண்டாவது தடவை இருமியபோது மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளரில் மொண்டு என் முன்னால் மேசையில் ணங்கென்று வைத்தாள். பாதி சிந்தி என் மடியிலும் அவள் சேலைக் கொசுவத்திலும் கொட்டியது.

“குடிச்சுத் தொலைங்க” என்றாள்.

குடித்தேன். சிரித்தது யார் முதலில் என்று நினைவில்லை. அவளாகத்தான் இருக்கும். இன்னொரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றாள். வாசலிலிருந்து வண்டி தயார் என்று குரல் வந்தது. போனாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

தமயந்தி கேட்டது பொய்யில்லை. பாதிதான் கேட்டாள். மீதியை நான் சொன்னால் அந்தச் சட்டம் நிற்காது. சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம் என்று பார்த்தேன். தாயாரின் புருஷனே ஒப்பாதவன் என்று தெரிந்தால் கல்லெறிவார்களா? எறியலாம். அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவள் பெயரை எடுத்துக்கொண்டார்கள், முகத்தை எடுத்துத் தங்களுக்குப் பிடித்த மாதிரி வரைந்துகொண்டார்கள், அவள் செத்த இடத்தில் கோயில் கட்டப்போகிறார்கள். அந்த மத்தியானம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதையும் மன்றத்தில் வைத்துவிட்டால் நாளைக்கு அதற்கும் விளக்கேற்றுவார்கள்.

ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் வெண்டுறையில் எத்தனை ஆயிரம் வீடு. எத்தனை பானை.

ஆவணி 18

என்ன பேசுவேன் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன் என்று தமயந்திக்குச் சொல்லியனுப்பினேன். ரொம்ப நன்றி என்று பதில் வந்தது.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆவணி 20

மன்றம் பழைய பம்புக் கூடத்தில் கூடியது. இயந்திரங்களை அகற்றிவிட்டுப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எண்ணெய் வாசனை போகவில்லை, எனக்கு அது தைரியமாக இருந்தது. மூன்று உலகத்து உறுப்பினர்களும் இருந்தார்கள். மேல்தளத்தில் பொதுமக்கள். சூடாமணி அங்கே முன்வரிசையில் நின்றதைப் பார்த்தேன். கஸ்தூரியின் குழுவைக் கதவோரமாக உட்காரவைத்திருந்தார்கள்.

தமயந்தி அந்த வரியைப் படித்தாள். தாயாரின் வாக்கைச் சொன்னாள். “அதை நேரில் கேட்டவர் இங்கே இருக்கிறார். தந்தையார் சொல்லட்டும்” என்றாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்காக இப்படி எழுந்தது அதுதான் கடைசி.

“அவ அப்படிச் சொன்னது நெசம்” என்றேன். கூடத்தில் பெருமூச்சு. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அதை யாரைப் பார்த்துச் சொன்னா தெரியுமா? என்னைப் பார்த்து. நான்தான் ஒப்பாதவன். அவ கேட்டும் சத்தியம் பண்ணலை. இன்னைக்கு வரைக்கும் பண்ணலை.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேச விடவில்லை. துரோகி என்றார்கள். இறக்குங்கள் என்றார்கள். ஒருவர் பெஞ்சின் மேல் ஏறினார். தமயந்தி கையை உயர்த்தி அமர்த்தினாள். அவள் முகத்தில் ரத்தமில்லை. ஆனாலும், “அவர் பேசி முடிக்கட்டும்” என்றாள்.

மீதியைச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். டம்ளரைச் சொன்னேன். குடிச்சுத் தொலைங்க என்று சொன்னதையும் சொன்னேன். எங்கேயோ ஒருத்தர் சிரித்துவிட்டார்.

“இவன் ஒப்பாதவன். இவன் சொல்றதை எப்படி நம்புறது?” என்று பெஞ்சின் மேல் நின்றவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குச் சாட்சி கிடையாது.

தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி குடுத்தாங்களா?”

“குடுத்தா.”

“நீங்க ஒப்புக்காமலா?”

“ஒப்புக்காமத்தான்.”

அவள் மன்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். “அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாசலிலிருந்து வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் தாயார் வண்டியில் ஏறியபோது சேலைக் கொசுவம் நனைந்திருந்தது. என்ன அக்கா என்று கேட்டேன். தண்ணி சிந்திருச்சு என்றார். வழியெல்லாம் அவராகவே சிரித்துக்கொண்டு வந்தார். எதற்கென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.”

பிறகு அந்த வரியைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். அதற்குப் பதில் என்ன வைப்பது என்று அங்கேயே வாதம் நடந்தது. மாலைவரை போனது. சிலர் வெளியேறினார்கள். கடைசியில், ஊற்று ஒப்பியவருக்கும் ஒப்பாதவருக்கும் பொது என்று நிறைவேறியது. பெரிய வித்தியாசத்தில் ஒன்றுமில்லை. பேர் சொல்லி வாக்கெடுத்தபோது தமயந்திக்குக் குரல் உடைந்தது, ஆனால் ஆம் என்றுதான் சொன்னாள்.

இப்படியாக ஒரு நாடு பிறந்தது. வெளியே வாண வேடிக்கை. நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

ஆவணி 21

காலையில் சூடாமணி வரவில்லை. நானே கஞ்சி வைத்தேன். யாரோ வாசல் கதவில் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். கழுவினேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார். கண் வீங்கியிருந்தது. உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார்.

“நீங்க சொன்னது பொய்யா இருந்திருக்கக் கூடாதான்னு ராத்திரி பூரா நினைச்சேன் அண்ணாச்சி.”

“எனக்குத் தெரியும்மா.”

“பொய்யில்லைன்னும் தெரியுது. அப்படி ஒரு கதையை யாரும் கட்டிச் சொல்லமாட்டாவ.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எம்பிள்ளையளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

வாசல்படியில் உட்கார்ந்தேன். அவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன். மூத்தவன் செழியன், சின்னவள் யாழினி. பொழுது சாயும்வரை அவர்களைப் பற்றிச் சொன்னார். பையன் கால்பந்தாட்டத்தில் யாரையும் ஜெயிக்கவிடமாட்டானாம், தோற்றால் சாப்பிடமாட்டானாம். சின்னவளுக்கு வாத்து என்றால் பயமாம்.

எழுந்து போகும்போது, “ராத்திரிக்குத் தோசை ஊத்தட்டுமா?” என்று கேட்டார்.

ஆவணி 25

தமயந்தி காவலர் இல்லாமல் வந்தாள். சொல்லத் தயங்கினாள். அரசு வீடுகளில் சத்தியம் செய்தவர்கள்தான் இருக்கலாம் என்று விதி. அவள் மாற்றப் பார்த்தாளாம், இப்போதைக்கு மன்றத்தில் இன்னொரு சண்டை போடத் தெம்பில்லை என்றாள்.

“நானே போறதா இருந்தேன். கஸ்தூரி ஆளனுப்பியிருக்காங்க. வெண்டுறையில பம்பெல்லாம் பாழாக் கிடக்காம். பாக்க ஆளில்லை.”

“அவ்வளவு தூரமா?”

“இங்க என்ன இருக்கு? சுவர்ல ஒரு படம்.”

அவள் சமையலறைக்குப் போய் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கூடையிலிருந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

“அத்தான், ஒண்ணு கேக்கலாமா? அக்கா என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா?”

“பேசுவா.”

“என்ன சொல்லுவாங்க?”

“அந்தப் பொண்ணு சாப்பிடாம அலையுதுன்னு சொல்லுவா. புத்திசாலிதான், ஆனா தன்னைவிட என்னை ரொம்ப நம்புதுன்னு சொல்லுவா. அதை நினைச்சா பயமா இருக்குன்னு சொல்லுவா.”

வெங்காயம் உரித்தால் கண்ணில் நீர் வரும். ரொம்ப நேரம் உரித்தாள். சூடாமணி வந்து பார்த்துவிட்டு, “தலைவி அம்மா, ஊருக்கே ஆகும் இவ்வளவும்” என்றார். மூன்று பேரும் வெங்காயச் சாம்பாரும் சோறும் சாப்பிட்டோம். தமயந்தி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆவணி 27

கப்பல். கணவாயைத் தாண்டினோம். வேறு விசேஷமில்லை.

புரட்டாசி 8

வெண்டுறையில் வேலை நிறைய. ஊர் முழுக்க நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே அந்தச் சூரியன் சின்னதாக, நீலமாகத் தெரியும். முதல் பம்பை ஓடவிட்டிருக்கிறோம், செம்மணல் தண்ணீர் கீழ்த்தட்டு வீடுகளுக்குப் போகிறது. நான் யார் என்று கஸ்தூரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். புதிதாக வந்த பம்புக்காரர், அவ்வளவுதான்.

இன்று வேலை முடிந்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் சுரங்க ஆட்கள். சட்டம், தண்ணீர், சண்டையில் செத்தவர்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அதில் ஒருவர், நல்ல மனிதர்தான், நேற்று என்னோடு சேர்ந்து குழாய் தூக்கியவர், பொற்கொடியைப் பற்றிப் பேசினார். “அந்தப் பொம்பளை ஊரையே மயக்கி வைச்சிருந்தா. தானும் செத்து, ஆயிரம் பேரையும் சாகக் குடுத்தா. எதுக்கு? சாமியாகணும்னு ஆசை.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதில்லை. எழுந்து போயிருக்கலாம். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“அவளுக்கு அந்த ஆசை இல்லை” என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. “ஒருத்தன் தவிச்சு நின்னா அவளால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் மத்தவங்க சேத்தது. தெரியாம அவளைப் பத்திப் பேசாதீங்க.”

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை, ஆச்சரியமாகத்தான் பார்த்தார். என் சட்டையில் சத்தியம் செய்தவர்கள் அணிகிற நீலப்பட்டை இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

“அண்ணே, நீங்க அந்தம்மா ஆளா?”

அவள் உயிரோடிருந்த காலத்தில் யார் இப்படிக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், பம்பு நிலையத்தில் கேட்டார்கள், கூட்டாட்சிக் காவலர்கள் கேட்டார்கள். இல்லை, நான் அந்தக் கூட்டம் இல்லை என்றே சொன்னேன். அது உண்மையும்கூட.

“ஆமா” என்றேன். “அவ ஆளுதான்.”